நோட்டீசில் முதல் பெயர்

2008ஆம் ஆண்டு எங்கள் தோட்டத்துக்கும் கீழே உள்ள சிங்களக் கிராமத்துக்கும் பொதுவாக ஓர் உதைபந்தாட்டப் போட்டி நடக்க இருந்தது. கிராமத்தார் கடைசி நேரத்தில் மறுத்துவிட்டார்கள் என்பதுதான் பூனாகலையில் எங்கள் டிவிசனில் இன்றுவரை சொல்லப்படும் கதை. அவர்கள் மறுக்கவில்லை. மறுத்ததாகச் சொன்னவன் நான்.

அப்போது நான் வாலிபர் சங்கத்தின் செயலாளர். தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியராகவும் இருந்தேன். பேச்சுச் சிங்களம் எங்கள் ஆட்கள் பலருக்கும் வரும். ஆனால் சிங்களத்தில் கடிதம் எழுதவும், வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லவும் சங்கத்தில் என்னை விட்டால் ஆளில்லை. கிராமத்துக் கழகத்தோடு எந்தப் பேச்சும் என் வழியாகத்தான் போகும், என் வழியாகத்தான் வரும். நான் சொன்னதைச் சரிபார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அந்த நம்பிக்கையைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

அந்த வருடம் ஜூன் மாதம் தெற்காசிய உதைபந்தாட்டச் சம்பியன்ஷிப்பை இலங்கையும் மாலைதீவும் சேர்ந்து நடத்தின. இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், மாலைதீவு அணிகள் மாலேயில் ஆடின. பங்களாதேஷ், பூட்டான், ஆப்கானிஸ்தான், இலங்கை அணிகளுக்குக் கொழும்பு. அரையிறுதிகளும் இறுதியாட்டமும் கொழும்பு சுகததாச அரங்கில். இரண்டு சிறிய நாடுகள் ஒரு பெரிய செலவைப் பங்கிட்டுக்கொள்ள இதைவிட நேரான வழி கிடையாது. கிராமத்துக் கழகத்தின் செயலாளர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கொஸ்லந்தை பஸ் நிலையத்தில் என்னைக் கண்டதும் அதைப் பற்றித்தான் பேசினார். என்னைவிட வயதில் மூத்தவர். நான் அவரை அய்யே என்பேன், அவர் என்னை மல்லி என்பார். எட்டு அணிகள், நாலு உங்கள் மைதானத்தில், நாலு எங்கள் பாடசாலை மைதானத்தில், கிண்ணத்தின் செலவு பாதிப் பாதி என்றார். இறுதியாட்டத்தை மேலே, எங்கள் தோட்டத்திலேயே வைக்கலாம் என்றும் அவரே சொன்னார். நோட்டீசில் அவர்கள் கழகத்தின் பெயர் முதலில் வரட்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது.

அந்தக் கணக்கு எனக்குப் புதிதில்லை. 2002 உலகக் கிண்ணத்தைத் தென்கொரியாவும் ஜப்பானும் நடத்தியதும் ஏறக்குறைய இப்படித்தான். இரண்டும் தனித்தனியே போட்டி போட்டுக் கேட்ட நாடுகள். 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சிக்குள் இருந்த கொரியா, அந்தக் காயம் ஆறாமலே அதே ஜப்பானோடு சேர்ந்து விருந்து வைக்க ஒத்துக்கொண்டது. 1996 மே மாதத்தில் ஃபீபா இரண்டு நாட்டுக்கும் சேர்த்தே கொடுத்தது. ஆசியாவில் நடந்த முதல் உலகக் கிண்ணம் அது. இரண்டு நாடுகள் சேர்ந்து நடத்திய முதல் உலகக் கிண்ணமும் அதுதான். நாட்டுக்குப் பத்து அரங்கு. போட்டியின் பெயரில் கொரியா முன்னால், இறுதியாட்டம் ஜப்பானின் யோகோஹாமாவில். இதையெல்லாம் லயத்துப் பையன்களுக்கு வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் ஐந்து மணிக்கு ஆட்டம். லயத்தில் ஒரு வீட்டு டீவியின் முன்னால் வாசல் வரைக்கும் ஆட்கள். ரொனால்டோ இரண்டு கோல் போட்டு ஜெர்மனியை வீழ்த்தியபோது எழுந்த சத்தம் அடுத்த தொங்கல் வரை கேட்டது. யுத்த நிறுத்தம் வந்து சில மாதங்களே ஆன காலம். இரவில் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போகலாம், வழியில் இறக்கிவிட மாட்டார்கள் என்று நம்பத் தொடங்கியிருந்தோம்.

ஆகவே அவர் கேட்டது நியாயம் என்பது எனக்குத் தெரியும். முதல் பெயர் அவர்களுக்கு, இறுதியாட்டம் எங்களுக்கு. இறுதியாட்டம் வரும் தோட்டத்துக்குத்தான் கூட்டம் வரும், கடை போடுகிற எங்கள் ஆட்களுக்கு நாலு காசு கிடைக்கும். சங்கத் தலைவரிடம் சொல்லியிருந்தால் ஒரு வார்த்தை எதிர்ப்பேச்சு இல்லாமல் சரி என்றிருப்பார்.

எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. நோட்டீசின் அடியில் இரண்டு செயலாளர்களின் பெயரும் வரும். அவர் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. அந்த நோட்டீஸ் கொஸ்லந்தைக் கடைச் சுவர்களில் ஒட்டப்படும். அதைவிட, உலகக் கிண்ணக் கதையெல்லாம் பேசித் திரிந்த எனக்கு வராத யோசனை அவருக்கு வந்துவிட்டது என்பது உறுத்தியது. நாளைக்கு நன்றாக நடந்தால் இது அவருடைய போட்டி என்றுதான் ஊர் சொல்லும். நான் அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவனாக நிற்பேன். இதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை. பொறாமை என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அதை எனக்குள்ளேயே ஒத்துக்கொள்ளாமல் வேறு நியாயம் தேடினேன். எங்கள் வரலாற்றில் அதற்குப் பஞ்சமில்லை. 1948இல் குடியுரிமை இல்லாமல் ஆக்கப்பட்டோம். 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். என் தாத்தாவின் தம்பி குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறியது அந்தக் கணக்கில்தான். எப்போதும் நாங்கள்தான் பின்னால், இதிலுமா பின்னால் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க நினைக்க என் பொறாமை இன மானமாக மாறி எனக்கே நல்லதாகத் தெரிந்தது. தாத்தாவின் தம்பி நாடு விட்டுப் போன துயரத்தை என் பெயர் எந்த வரியில் அச்சாகும் என்பதற்காகச் செலவழித்தேன். இதை எழுதும்போது கூசுகிறது.

கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் கேட்டார்:

"என்னா தம்பி, நோட்டீசுக்கு ஓடர் குடுத்துறலாமா? அவங்க என்னா சொல்றாங்க?"

"சரிவராது போல இருக்கு அண்ணே. புத்தலயில நடந்ததுக்குப் பொறகு தோட்டத்துக்குப் பிள்ளைகள அனுப்ப யோசிக்கிறாங்களாம். வேணாம்னுட்டாங்க."

2008 ஜனவரி 16, யுத்த நிறுத்த ஒப்பந்தம் அதிகாரபூர்வமாக முடிந்த அதே நாளில், புத்தலயில் பஸ் ஒன்று தாக்கப்பட்டு இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். ஜூன் 6, அந்தச் சம்பியன்ஷிப் நடந்துகொண்டிருக்கும்போதே, மொறட்டுவையிலும் கண்டிக்குப் பக்கத்துப் பொல்கொல்லையிலும் பஸ்களில் குண்டு வெடித்தது. அதனால் என் பேச்சை யாரும் சந்தேகிக்கவில்லை. தலைவர் தலையாட்டினார். "அவங்களயும் குத்தம் சொல்ல முடியாது தம்பி" என்றார். பொய்யைக் கேட்டுக்கூட அவர் நியாயமாகப் பேசினார்.

கிராமத்துக்கு எழுதிய கடிதத்தில் இதைத் திருப்பிப் போட்டேன். பிந்துனுவெவயை எங்கள் பெற்றோர் மறக்கவில்லை, இறங்கி வந்து ஆடப் பையன்களுக்குப் பயம் என்று எழுதினேன். 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து தமிழ் இளைஞர்களை அடித்தும் எரித்தும் கொன்றது. அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களையும் 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. எங்கள் அம்மாக்கள் அந்தப் பயத்தோடு வாழ்ந்தது உண்மை. ஆனால் அந்த மாதம், அந்தப் போட்டிக்கு, எங்கள் பையன்கள் யாரும் பயப்படவில்லை. ஆளாளுக்கு பூட்ஸ் கடன் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு சனங்களும் உண்மையாகச் சுமந்த பயத்தை எடுத்து, அதன் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். நான் செய்ததில் ஆகக் கேவலம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தச் சம்பியன்ஷிப் எப்படி முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கொழும்பில் நடந்த அரையிறுதியில் மாலைதீவு 1-0 என்று இலங்கையை வென்றது. ஜூன் 14, அதே அரங்கில் அதே 1-0 கணக்கில் இந்தியாவையும் வென்று முதல் தடவையாகக் கிண்ணத்தை எடுத்துப்போனது. இறுதியாட்டத்தை விட்டுக்கொடுத்த நாடு கிண்ணத்தோடு வீடு போனது. நான் கடிதம் எழுதியது அதற்குப் பிறகு, இதெல்லாம் தெரிந்த பிறகு.

அதன்பின் இரண்டு கழகங்களும் ஒரு நட்பு ஆட்டம்கூட ஆடவில்லை. அவர்களுக்கு எங்கள் மேல் வருத்தம், எங்களுக்கு அவர்கள் மேல். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எங்கள் பையன்களும் ஓடினார்கள், கிராமத்துப் பையன்களும் சோற்றுப் பார்சல்களோடு வந்தார்கள். இரண்டு கூட்டமும் பாதையின் இரண்டு பக்கமும் நின்றன. யார் வீட்டு ஆட்களைக் காணவில்லை என்று அவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. எங்கள் பையன் ஒருவனின் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. ஆறு வருடம் சேர்ந்து பந்து விளையாடியிருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். அய்யே அங்கே இருந்தார். என் தோளைத் தொட்டு "மல்லி, வீட்டில் எல்லோரும் சுகமா?" என்றார். அப்போதும் நான் சொல்லவில்லை.

இப்போது சொல்வதற்குக் காரணம் சங்கத்தின் இன்றைய பிள்ளைகள். 2026 உலகக் கிண்ணம் கனடா, மெக்சிகோ, அமெரிக்கா மூன்றுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டதைப் பார்த்துவிட்டு, நாங்களும் கிராமத்தோடு சேர்ந்து ஒரு கிண்ணம் நடத்தலாமா என்று கேட்டார்கள். 104 ஆட்டத்தில் அமெரிக்காவுக்கு 78, மற்ற இரண்டுக்கும் ஆளுக்குப் பதின்மூன்று. அந்தப் பதின்மூன்றுக்குக் கனடாவும் மெக்சிகோவும் சம்மதித்திருக்கின்றன. எனக்குக் கிடைத்தது சரிபாதி. அதைத்தான் நான் வேண்டாம் என்றேன். பிள்ளைகள் கேட்டதற்கு ஒரு பெரியவர், "2008ல கேட்டுப் பார்த்தோம், அவங்க வரமாட்டேன்னுட்டாங்க" என்று பதில் சொன்னார். அவர் சொன்னது என் பொய். அந்தப் பிள்ளைகளில் சிலர் 2008இல் பிறந்திருக்கவே இல்லை.

இதை அடுத்த சங்கக் கூட்டத்தில் வாசிக்கப்போகிறேன். பழைய தலைவர் இப்போது நடக்க முடியாமல் வீட்டோடு இருக்கிறார். அவருக்கு முதலில் போய்ச் சொல்ல வேண்டும். அய்யேக்குக் கொடுக்க இதன் சிங்களப் பிரதியும் தயாராகிறது. அதை நான் எழுதவில்லை. பாடசாலையில் சிங்களம் படிப்பிக்கும் ஆசிரியையிடம் கொடுத்து, ஒரு வரியும் விடாமல் மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறேன்.