கடலை மறவாத மீன்

மீன் பிடித்தல் என்றவுடன் நம்மவர் மனத்தில் எழுவன கரைவலையும் வள்ளமும், மாலையில் அடுப்பேறும் குழம்புச் சட்டியுமே. பகல் முழுவதும் குளிர்நீரில் இடுப்பளவு நின்று, அகப்பட்ட ஒரு மீனையும் ஆற்றிலேயே விட்டு, வெறுங்கையுடன் வீடு திரும்பி, அதனைப் பெரும்பேறாகக் கருதுவோரும் உலகில் உளர் என்றால் நேயர்கள் நகைப்பார்கள். அத்தகையோருடன், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஹோ ஆற்றங்கரையில், ஒரு மாசி மாதத்தில் மூன்று நாட்களைக் கழிக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது.

அவர்கள் தேடும் மீனுக்கு ஸ்டீல்ஹெட் என்று பெயர். எஃகுத்தலை என்பது பொருள். இனத்தால் அது வானவில் ட்ரவுட்டேயன்றி வேறன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் கொணர்ந்து நுவரெலியாப் பகுதியின் ஓடைகளில் விட்டதும் இவ்வினமே. நம் மலைநாட்டு மீன் ஓடையோடு அமைந்துவிட்டது. ஸ்டீல்ஹெட்டோ ஆற்றிற் பிறந்து, சில ஆண்டுகள் வளர்ந்து, பசிபிக் சமுத்திரம் புகுந்து பெருத்து, முட்டையிடுதற்குப் பிறந்த ஆற்றையே நாடி மீள்வது. பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டபின் மடிவன. இதுவோ உயிர் தப்பினால் மீண்டும் கடலேகி, மறுமுறையும் வரவல்லது.

ஹோ ஆறு ஒலிம்பஸ் மலையின் பனிப்பாளங்களில் தோன்றி, பாசி தொங்கும் மழைக்காட்டினூடே கடலை அடைகின்றது. சியாற்றில் நகரில் வாழும் எமது மருமகன், இறப்பர்க் காற்சட்டை அணிந்து, 13 அடி நீளமுள்ள தூண்டிற்கோலை இரு கைகளாலும் ஏந்தி, விடியுமுன்னே நீரில் இறங்கினார். இரையாக இருந்தது புழுவன்று. இறகும் உரோமமும் சுற்றிக் கட்டிய செயற்கை ஈ. அதற்குப் பாரமில்லை, பாரமான நூலே அதனை ஏந்திச் செல்கிறது. பின்னால் மரங்கள் நெருங்கிய இடத்திலும் முன்நோக்கியே வீசும் இம்முறை, ஸ்கொத்லாந்தின் ஸ்பே ஆற்றிலிருந்து பெயர் பெற்றது. வீசிய ஈ, நீரோட்டத்தில் வளைந்து கரையை அணையும்வரை பொறுத்திருக்க வேண்டும். பின்னர் இரண்டடி கீழே நகர்ந்து மறுபடியும் வீச வேண்டும். “ஆயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்பது இங்குள்ளோர் பேச்சு, மாமா” என்றார் மருமகன்.

இரண்டு நாட்கள் ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் நண்பகலில் நூல் விறைத்தது, கோல் வில்லாயிற்று. நெடுநேரப் போராட்டத்தின் பின் 10 இறாத்தல் மதிக்கத்தக்க வெள்ளிநிற மீனொன்று அவர் கைக்கு வந்தது. அதனை நீருக்கு மேலே தூக்காமலே வாலருகிலுள்ள சிறு செட்டையைப் பார்த்தார். பண்ணையில் பொரித்த குஞ்சுகளுக்கு அச்செட்டையை வெட்டி அடையாளமிடுவர். இதற்கோ செட்டை முழுமையாக இருந்தது. ஆற்றிலே பிறந்த மீன். எதிர்முள் இல்லாத தூண்டிலை மெல்லக் கழற்றி, மீனை நீரோட்டத்துக்கு எதிராகச் சற்றுநேரம் தாங்கிப் பிடித்தார். அது வாலை ஒருமுறை அசைத்து மறைந்தது.

கரையில் எம்மருகே நின்ற அவர் மகள், பன்னிரண்டு வயதுச் சிறுமி, “விடுவதற்கென்றால் ஏன் பிடிக்க வேண்டும்? அதற்கு நோகாதா அப்பா?” என்றாள். எம் உள்ளத்தில் இருந்த வினாவும் அதுவே.

“நோகும்தான் மகள்” என்றார் அவர். “ஆனால், ஆற்றுக்கே வராதவனுக்கு மீன் குறைந்த கதை எப்படித் தெரியும்?”

இவ்விடை முழு விடையன்று. எனினும் இதில் உண்மை உண்டு. ‘ஓர் ஆறு ஒருபோதும் உறங்குவதில்லை’ என்னும் பொருள்படப் பெயரிட்ட நூலை 1946இல் வெளியிட்ட ரொடரிக் ஹேக் பிரவுண், வன்கூவர் தீவில் நீதிவானாக இருந்தவர். தூண்டிலேந்தி ஆற்றில் நின்றவர். ஆறுகளைக் காக்கவும் அவரே குரலெழுப்பினார்.

ஹோ ஆற்றுக்கு வடகிழக்கே எல்வா என்றோர் ஆறு ஓடுகிறது. அதில் 1913இலும் 1927இலும் மின்சாரத்துக்காக இரு அணைகள் எழுந்தன. மீன் ஏறிச் செல்ல எவ்வழியும் வைக்கப்படவில்லை. அவ்வாற்றையே வாழ்வாகக் கொண்ட கிளாலம் ஆதிக்குடிகள் நெடுங்காலம் முறையிட்டனர். 1992இல் சட்டமியற்றப்பட்டது, 2011இல் தொடங்கி 2014க்குள் இரு அணைகளும் அகற்றப்பட்டன. ஸ்டீல்ஹெட் மேலாற்றுக்குத் திரும்பின.

வியப்பு அதனினும் பெரிது. அணைக்கு மேலே ஏறத்தாழ நூறாண்டு அடைபட்டு, வெறும் ஆற்றுமீனாகவே தலைமுறைகள் கழித்த ட்ரவுட்டின் வழிவந்தவையும், இன்று கடல் சென்று மீளும் கூட்டத்தில் உள்ளன என மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. கடலைக் கண்டிராத மீனின் உதிரத்திலும் கடலின் வழி அழியாதிருந்தது!

பிறந்த மண்ணைப் பிரிந்தோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். எம் மருமகனின் மகள் யாழ்ப்பாணத்தைக் கண்டதில்லை. ஆயினும் ‘நோகாதா’ என்று தமிழிலேதான் கேட்டாள். வழி மறந்துபோயிற்றென்று எவரையும் பற்றி விரைந்து தீர்ப்புக் கூறலாகாது. அணை நிற்கும்வரை மீன் செய்யத்தக்கது உயிரோடிருத்தல் ஒன்றே. அணையை அகற்றுவது மனிதர் கடன்.