சனிக்கிழமைக்குச் சேர்த்தவை

ஜூலை 7, 2025, திங்கள்

சனிக்கிழமை அம்மாக்கள் கூட்டத்துக்கு என்ன கொண்டுபோகலாம் என்ற யோசனையோடுதான் காலையில் மேலூர் பஸ் ஏறினேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் வாரம் முழுக்கக் கேட்பதெல்லாம் "இது வராது, அது வராது" என்பதுதான். அதனால் வட்டார வள மையத்தில் கூடும்போது முதல் அரை மணி நேரத்தை நல்ல சேதிக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். வெறும் ஆறுதல் வார்த்தையாக இருந்துவிடக் கூடாது. வீட்டுக்குப் போய்ச் செய்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும்.

இந்த வாரத்தின் முதல் சேதியை ஏழு வயதுப் பையன் ஒருவனே கொடுத்தான். அவனுக்கு மினி பஸ் என்றால் உயிர். "போலாம் ரைட்" என்ற கண்டக்டர் குரல் அவன் வாயில் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். "சம்பந்தமே இல்லாம இதையே சொல்றான் டீச்சர்" என்று அவன் அம்மாவுக்கு வருத்தம். இன்று அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, எப்போதெல்லாம் சொல்கிறான் என்று குறித்துக்கொண்டேன். சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தள்ளியபோது சொன்னான். படம் பார்த்து அலுத்து, நான் மறுபடியும் அட்டைகளை எடுத்தபோது சொன்னான். மாமா பைக்கை உதைத்தபோது சொன்னான். ஒன்று முடிந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில் மட்டும்தான் அந்தச் சொல் வருகிறது. 'போதும், கிளம்பலாம்' என்று அவன் பேசிக்கொண்டுதான் இருக்கிறான்.

கேட்டதையே திருப்பிச் சொல்லும் பேச்சை அடக்க வேண்டிய பழக்கமாகவே பலர் பார்த்த காலம் உண்டு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பேச்சு-மொழி நிபுணர் பாரி பிரிசான்ட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் குழந்தைகளின் நடமாட்டத்தை வீடியோ எடுத்து, எந்தச் சொல் எந்த நேரத்தில் வருகிறது என்று பொறுமையாகப் பார்த்தார்கள். கேட்பதற்கு, ஒப்புக்கொள்வதற்கு, தன் முறை வந்ததும் பதில் தருவதற்கு, தன்னைத் தானே நிதானப்படுத்திக்கொள்வதற்கு என அந்தப் பேச்சுக்குப் பல வேலைகள் இருப்பது தெரிந்தது.

அம்மாவிடம் ஒன்றுதான் சொன்னேன். "அவன் சொன்ன உடனே நீங்க 'முடிஞ்சிருச்சு, போலாம்'னு சொல்லிட்டு, எந்திரிச்சிருங்க." சாயங்காலம் நான் இருக்கும்போதே செய்தார். பையன் சட்டென்று திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தான்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று புளியங்கொட்டை விளையாட்டு. ஐந்து வயதுப் பெண். கொட்டைகளை வரிசையாக அடுக்குவாள். யாராவது தொட்டால் அழுகை. அம்மா எதிரில் உட்கார்ந்து "இது என்ன? எத்தனை இருக்கு? அம்மாகிட்ட ஒண்ணு குடு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போனில் சில நிமிடங்கள் படம் பிடித்து, அம்மாவிடமே போட்டுக் காட்டினேன்.

நேரில் பார்த்தபோது எனக்கே தெரியாதது படத்தில் தெரிந்தது. அம்மா ஒரு நிமிடம் கேள்வியை நிறுத்திவிட்டு முந்தானையைச் சரிசெய்கிறார். அந்த அமைதியில் பிள்ளை ஒரு கொட்டையைக் கையில் எடுத்து, கருப்பாகப் பளபளக்கும் பக்கத்தைத் திருப்பி, தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்க்கிறாள். கண் இமைக்கும் நேரம்தான். அடுத்த கேள்வி வந்ததும் தலை குனிந்துவிடுகிறது. அம்மா அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். "எனக்குக் காட்டத்தான் கூப்பிட்டிருக்கா டீச்சர்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கேள்வி இல்லாமல் அவரும் ஒரு வரிசை அடுக்கினார். பிள்ளை அழவில்லை. அம்மாவின் வரிசையையும் எட்டிப் பார்த்தாள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2016-இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்தது. பிரிட்டனில் உருவான முறை ஒன்றை நம் பக்கத்து வீடுகளுக்கு ஏற்ப மாற்றி, மனநல நிபுணர்கள் இல்லாமல், பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்களைக் கொண்டே நடத்தினார்கள். அதன் நடுநாயகமும் இதே வீடியோதான். பெற்றவர் பிள்ளையின் போக்குக்கு ஈடுகொடுத்துப் பழகுவது கூடியது. பிள்ளை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது. பெரிய ஊருக்குப் போக முடியாத, ஃபீஸ் கட்ட வழியில்லாத குடும்பங்களிடம் இதை நான் உரக்கச் சொல்லுவேன். கற்றுக்கொள்ளக்கூடிய வித்தை இது, மேலூரிலும் கற்றுக்கொள்ளலாம்.

ஜூலை 9, புதன்

ஒரு அம்மா போனில் அழுதார். காலையில் யூனிஃபார்ம் போடும் போராட்டத்தில் மகனைத் திட்டித் தீர்த்துவிட்டாராம். "என்னாலதான் இவன் இப்படி ஆயிட்டானோ?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய பாவம் இருக்கிறது. 1950களிலும் 60களிலும் தாயின் பாசக் குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று படித்தவர்களே எழுதினார்கள். அதை முறித்ததில் பெற்றவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக இருந்த பெர்னார்ட் ரிம்லண்ட், ஆட்டிசம் உள்ள மகனின் தகப்பன். 1964-இல் புத்தகம் எழுதி அந்தக் கருத்தை அடித்து நொறுக்கினார். லண்டனில் மனநல மருத்துவர் லோர்னா விங், ஆட்டிசம் உள்ள மகளின் தாய். 1962-இல் மற்றப் பெற்றோரோடு சேர்ந்து சங்கம் தொடங்கினார். 'உன்னால் வந்ததில்லை' என்று சொல்ல நமக்கு முன்னாலேயே அம்மாக்களும் அப்பாக்களும் போராடிவிட்டார்கள்.

குழந்தை உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக்கின் ஆய்வையும் அந்த அம்மாவிடம் சொன்னேன். நன்றாகப் பழகும் தாயும் கைக்குழந்தையும்கூட ஒருவருக்கொருவர் ஒத்துப்போவது சுமார் 30 விழுக்காடு நேரம்தான். மீதி நேரம் விலகுவதும் மறுபடி சேர்வதுமாகவே போகிறது. அந்த மறுபடி சேர்வதில்தான் குழந்தைக்கு நம்பிக்கை பிறக்கிறது. "சாயங்காலம் அவன் வந்ததும் பக்கத்துல போய் உட்காருங்க, அது போதும்" என்றேன். யூனிஃபார்ம் சட்டையின் கழுத்தில் தைத்திருக்கும் லேபிளைக் கத்தரித்துவிடவும் சொன்னேன். அது உறுத்துவதால்கூட இருக்கலாம்.

ஜூலை 10, வியாழன்

ராத்திரி முழுக்க டொனால்ட் ட்ரிப்லெட்டைப் பற்றிப் படித்தேன். சனிக்கிழமைக்கு இதுதான் முக்கியமான சேதி.

1933-இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா வக்கீல். பிள்ளை எண்களிலும் சுழலும் பொருள்களிலும் மூழ்கிக் கிடந்தான். அந்தக் கால மருத்துவர்கள் சொன்னபடி விடுதி ஒன்றில் சேர்த்தார்கள். பெற்றவர்களுக்கு மனம் கேட்கவில்லை, திருப்பிக் கூட்டிவந்துவிட்டார்கள். மகனைப் பற்றி அப்பா 33 பக்கம் எழுதி, பால்டிமோரில் இருந்த மருத்துவர் லியோ கானருக்கு அனுப்பினார். 1943-இல் கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆட்டிசக் கட்டுரையில் முதல் குழந்தை டொனால்ட்.

எனக்குப் பிடித்த இடம் அதற்குப் பிறகு வருவது. ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயத் தம்பதியிடம் பையனைச் சில வருஷம் விட்டுவைத்தார்கள். 1945-இல் கானர் போய்ப் பார்த்து அசந்துவிட்டார். பையனுக்கு எதையாவது அளந்துகொண்டே இருக்க வேண்டும். அவர்கள் கிணறு தோண்டச் சொல்லி, ஆழம் எவ்வளவு என்று வந்து சொல்லச் சொன்னார்கள். சோளக்கொல்லையில் வரிசைகளை எண்ணிக்கொண்டே இருந்தான். எண்ணிக்கொண்டே உழு என்று ஏரைக் கையில் கொடுத்தார்கள். கானர் கண் முன்னால் குதிரையையும் கலப்பையையும் லாவகமாகப் பிடித்து, நீளமான ஆறு சால் உழுது காட்டினான்.

பையன் அப்புறம் உள்ளூர்ப் பள்ளியில் படித்தான். 1958-இல் கல்லூரிப் பட்டம் வாங்கினான். ஊர் வங்கியில் வேலை, கோல்ஃப், கார், தனியாக வெளிநாட்டுப் பயணம் எல்லாம் அவருக்கு வாய்த்தன. 2023-இல் தம் 89-ஆம் வயதில், பிறந்த ஊரிலேயே காலமானார்.

பெற்றவர்களிடம் வசதி இருந்தது, வங்கியே அம்மா வழிக் குடும்பத்தினுடையது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அந்த விவசாயத் தம்பதியிடம் அப்படி வசதி இல்லை. பிள்ளையின் எண்ணுகிற பழக்கத்தைப் பிடுங்காமல் அதற்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஊர்க்காரர்களும் அவரைத் தங்களில் ஒருவராகவே வைத்துக்கொண்டார்கள். அந்த மனசுக்கு விலை கிடையாது.

ஜூலை 11, வெள்ளி

இன்று பள்ளிக்கூடப் பார்வை. ஏழாம் வகுப்புப் பையன்கள் இருவர். "யாரோடயும் சேர மாட்டாங்க மிஸ்" என்று வகுப்பாசிரியை சொன்னார். மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் நின்று அவர்களின் ரயில் எண் ஆட்டத்தைக் கேட்டேன்.

"12635?"

"வைகை. 12637?"

"பாண்டியன். 12631?"

"நெல்லை!" இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஒருவன் ஒருவனைப் பார்க்கவே இல்லை. இருவரும் மண்ணைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்கள். மணி அடிக்கும்வரை ஆட்டம் ஓயவில்லை.

ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் மனசு புரியாது என்று எத்தனை காலமாகச் சொல்கிறோம்! 2012-இல் டேமியன் மில்டன், தாமே ஆட்டிசம் உள்ள ஆய்வாளர், அதைத் திருப்பிக் கேட்டார்: அவர்கள் மனசு நமக்குப் புரிகிறதா? புரியாமை இரு பக்கமும்தானே? 2020-இல் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் எடின்பரோவில் இதைச் சோதித்தார்கள். எட்டுப் பேரை ஒரு சங்கிலியாக வைத்து, ஒருவர் காதில் ஒருவர் கதை சொல்லிக் கடத்த வேண்டும். எட்டுப் பேரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்தபோது, ஆட்டிசம் இல்லாத எட்டுப் பேர் அளவுக்கே கதை போய்ச் சேர்ந்தது. இரு தரப்பையும் கலந்து உட்காரவைத்தபோதுதான் கதை அதிகமாகத் தேய்ந்தது.

வேப்பமரத்தடியில் ஒரு எண்கூடத் தேயவில்லை. இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைக்க வகுப்பாசிரியை ஒப்புக்கொண்டார். திங்கட்கிழமை முதல்.

ஜூலை 12, சனி

கூட்டம். மழை மூட்டம், இருந்தும் வந்துவிட்டார்கள். டொனால்ட் கதையைச் சொல்லி முடித்ததும், பேரனோடு வந்திருந்த அப்பத்தா ஒருவர் எழுந்தார்.

"இதுக்கு எதுக்கு டீச்சர் அமெரிக்கா போகணும்? எங்க வீட்லயும் நடந்துச்சு." பேரனுக்குக் குக்கர் விசில் ஆகாது. சத்தம் கேட்டால் தெருவுக்கு ஓடிவிடுவான். மருமகள் குக்கரையே எடுத்து வைத்துவிடலாம் என்றிருக்கிறாள். அப்பத்தா வேறு வழி பார்த்தார். ஆவி சீறத் தொடங்கும்போதே "வருது, வருது" என்று குரல் கொடுப்பார். பேரன் காதைப் பொத்திக்கொள்வான். எப்போது வரும் என்று தெரிந்தபின் ஓட்டம் நின்றது. அப்புறம் "நீ எண்ணுப்பா, எனக்கு மறந்துபோகுது" என்றிருக்கிறார். இப்போது வாசல் திண்ணையிலிருந்து காதைப் பொத்தியபடியே "மூணு!" என்று கத்துகிறான், அப்பத்தா அடுப்பை அணைக்கிறார். சோறு பதமாக இறங்குவது பேரன் கணக்கில்.

அமெரிக்க மனநல மருத்துவர்களின் வரையறை நூலில், ஒலி, தொடுகை போன்றவற்றை மிகையாக உணர்வது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக 2013-இல்தான் இடம்பெற்றது. அப்பத்தா எதையும் படிக்காமல் பேரனைப் படித்திருக்கிறார். எல்லாரும் கைதட்டினோம். பேரன் காதைப் பொத்திக்கொண்டான். உடனே தட்டுவதை நிறுத்திக் கையை ஆட்டினோம். யாரும் சொல்லித்தரவில்லை, எல்லாருக்கும் தோன்றியது.

ஜூலை 13, ஞாயிறு

நேற்றுக் கூட்டம் கலையும்போது இரண்டு அம்மாக்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். புதன்தோறும் சாயங்காலம் ஒருவர் பிள்ளையை இன்னொருவர் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வது. அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "தூங்குவேன்" என்றார் ஒருவர். "தலைக்குக் குளிச்சிட்டு, முடி காயிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருப்பேன்" என்றார் மற்றவர். எத்தனை வருஷமாக இது கிடைக்காமல் இருந்ததோ.

வளர்ச்சித் தாமதமும் ஆட்டிசமும் உள்ள குழந்தைகளின் வீட்டாருக்காக உலக சுகாதார நிறுவனம் ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது. ஒன்பது குழு அமர்வுகள், மூன்று முறை வீட்டுக்கே வந்து பார்ப்பது. பிள்ளையோடு விளையாடுவது, பேசவைப்பது ஆகியவற்றோடு, வளர்ப்பவர் தம்மைக் கவனித்துக்கொள்வதையும் அதில் ஒரு பாடமாகவே சேர்த்திருக்கிறார்கள். அதைச் சலுகை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. களைத்துப்போன கண்ணுக்குப் புளியங்கொட்டையோடு நிமிரும் முகம் தெரியாது.

அடுத்த வாரத்துக்கு மூன்று வேலை. இரண்டு அம்மாக்களின் ஏற்பாட்டை இன்னும் நாலு வீட்டுக்குப் பரப்ப வேண்டும். அரசின் நிராமயா காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும் என்பது பாதி வீடுகளுக்குத் தெரியவில்லை. விண்ணப்பங்களை உட்கார்ந்து நிரப்ப வேண்டும். வகுப்பறையில் அந்தப் பெஞ்ச் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

'பிள்ளை எப்ப டீச்சர் மாறுவான்?' என்று புதிதாக வருகிற எல்லாரும் கேட்பார்கள். இந்த வாரம் பார்த்ததையும் படித்ததையும் வைத்து என்னால் தைரியமாகச் சொல்ல முடியும்: முதலில் நாம் உட்கார்ந்து பார்க்கக் கற்றுக்கொள்வோம். அதை இன்றைக்கே தொடங்கலாம், யார் வீட்டிலும் தொடங்கலாம்.