ஆறாத சோறு

கடற்கரை என்றாலே எங்கள் வீட்டில் டெசாருதான். மலாயில் ‘ரூ’ என்றால் சவுக்கு மரம். பெயருக்கு ஏற்றபடி அங்கே சவுக்கு நிழலுக்குப் பஞ்சமில்லை. கூலாயிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். செனாய்–டெசாரு நெடுஞ்சாலை 2011-இல் முழுமையாகத் திறக்கப்படுவதற்கு முன் கோத்தா திங்கி வழியாகச் சுற்றிப் போவோம். எனக்குப் பாதி வழியிலேயே வாந்தி வந்துவிடும் என்று அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

பானை, பாய், வாளி, அப்பளம் நிரப்பிய மைலோ டின் என்று காடி நிறைய ஏற்றிக்கொண்டு போவோம். தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் அதில் எனக்கு வெட்கம் எதுவும் இருந்ததில்லை. என் தோழிகள் வீட்டிலும் அப்படித்தானே! தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போய், புகுமுக வகுப்பைத் தாண்டி இரண்டாம் படிவத்துக்கு வந்தபோதுதான் வினை வந்தது. அந்த வருடம் நாங்கள் பாயில் உட்கார்ந்து சாம்பார் சாதத்தைப் பிசைந்து கொண்டிருந்தபோது, என் வகுப்புத் தோழி ஒருத்தி தன் குடும்பத்தோடு அந்த வழியே வந்தாள். பக்கத்தில் ஏதோ தங்கும் விடுதியில் தங்கியிருந்தார்களாம். அவள் சிரித்துக்கொண்டே கையசைத்தாள். நான்தான் முகத்தைத் திருப்பிக் கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஒரே பாட்டு. “எதுக்கும்மா குடி மாறிப் போற மாதிரி இத்தனை சாமான்? போற வழியில வாங்கிக்கலாம்லா!”

நான் ஆறாம் படிவத்தில் இருந்தபோது அம்மா ஒருவழியாக விட்டுக் கொடுத்தார். வழியில் பொரித்த கோழியும் சோறும் வாங்கினோம். பாயை விரித்துப் பொட்டலத்தைப் பிரித்தபோது கோழி ஈரத்தில் ஊறிச் சொதசொதவென்று கிடந்தது. அப்பா ஒரு துண்டைக் கடித்துவிட்டுக் கீழே வைத்தார். கோபமெல்லாம் இல்லை. கடலைப் பார்த்துக் கொண்டே மெதுவாகச் சொன்னார்:

“வாரத்துல ஆறு நாளும் ஆறிப்போன சோறுதாம்மா திங்கிறேன். ஒரு நாளாவது சுடச்சுட சாப்பிடலாம்னு பார்த்தேன்.”

அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார். காலை நான்கு மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் கிளம்பினால்தான் குடிநுழைவுச் சாவடி நெரிசலைத் தாண்டி நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். அம்மா மூன்று மணிக்கு எழுந்து கட்டிக் கொடுக்கும் சோற்றைப் பன்னிரண்டு மணிக்குத்தான் பிரிப்பார். பதினேழு வருடமாக இப்படித்தான். நான் விழிக்கும்போது அவர் வீட்டில் இருந்ததில்லை; அதனால் இதைப் பற்றி யோசித்ததும் இல்லை.

அடுத்த முறை சமைத்துக் கட்டும் வேலையை நானே வாங்கிக் கொண்டேன். அகன்ற வாய்த் தெர்மோஸ் ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கி, சாம்பார் சாதத்தைக் கொதிக்கக் கொதிக்க அள்ளிப் போட்டேன். அங்கே போய்த் திறந்தால் வெதுவெதுவென்று இருந்தது. “சூடாத்தான்மா இருக்கு” என்று அப்பா பொய் சொன்னார்.

எங்கே பிழை என்று பல்கலைக்கழகத்தில் உணவறிவியல் படிக்க வந்த பிறகுதான் விளங்கியது. தெர்மோஸின் உட்புறம் சில்லென்று இருந்தால், சோற்றின் சூட்டை அதுவே முதலில் குடித்துவிடும். கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, உடனே சோற்றைப் போட வேண்டும். விளிம்பு வரை நிரப்ப வேண்டும். நடுவழியில் “சூடு இருக்கிறதா?” என்று திறந்து பார்க்கவே கூடாது; என் தம்பிக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பதுதான் பெரும்பாடு! 1892-இல் ஜேம்ஸ் டூவர் என்ற அறிவியலாளர் கடுங்குளிர்ந்த திரவங்களைக் குளிர் குறையாமல் காக்கச் செய்த வெற்றிடக் குடுவைதான் இன்று நம் ரசத்தைச் சூடு குறையாமல் காக்கிறது. மீன்காரர் ஐஸ் போட்டு வைக்கும் வெள்ளைப் பெட்டியும் அப்படித்தான். உள்ளே குளிர் இருந்தாலும் சூடு இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். பழைய கைலியில் சுற்றிய பாத்திரங்களை அதற்குள் வைத்து மூடி விடுகிறேன்.

இன்னொன்றும் படித்தேன். அரிசியில் ‘பாசில்லஸ் சீரியஸ்’ என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். சோறு கொதித்தாலும் அவை சாவதில்லை. வெதுவெதுப்பில் விழித்துக்கொண்டு பெருகி நஞ்சை உண்டாக்கும். அதனால் சூடாகச் சாப்பிட வேண்டிய சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. விரிவுரையாளர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு அப்பாவின் பொட்டலம்தான் கண்முன் நின்றது. பிரயாணத்துக்குத் தேங்காய்ச் சட்டினி வேண்டாம், சீக்கிரம் ஊசிவிடும் என்று பாட்டி அடித்துச் சொல்வார். புளி சேர்ந்த சோற்றைத்தான் கட்டுவார். எந்த ஆய்வுக்கூடத்திலும் அவர் படித்ததில்லை.

“வேலைக்கும் தெர்மோஸ் கொண்டு போங்கப்பா” என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன். “அந்தக் கனத்த மோட்டார்ல யாரு தூக்கிட்டுப் போறது?” என்று தட்டிக் கழித்து விட்டார்.

சென்ற ஆகஸ்டு மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் டெசாரு. பருவக்காற்றுக் காலத்தில் தென்சீனக் கடல் அங்கே பொல்லாதது. ஆகஸ்டில் சாதுவாக இருக்கும். சாம்பார் சாதத்தைச் சற்றுத் தளர்வாகவே கிண்டியிருந்தேன். நேரம் ஆக ஆக இறுகிவிடும் அல்லவா? உருளைக்கிழங்குப் பிரட்டல், நெத்திலி சம்பல், சின்னத் தெர்மோஸில் ரசம். அப்பளம் வழக்கம்போல் மைலோ டின்னில். காலை எட்டு மணிக்கு மூடியது, பன்னிரண்டரைக்குத் திறந்தேன். வெப்பமானியை உள்ளே விட்டால் 67 டிகிரி! தம்பி கை தட்டினான். ஆவி அடித்து அப்பாவின் மூக்குக் கண்ணாடி வெளுத்துப் போனது. அதைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டு, “ரசம் இருக்கா?” என்று மட்டும் கேட்டார். மூன்று முறை போட்டுச் சாப்பிட்டார். பாயைக் கடந்து யார் யாரோ போனார்கள். யார் என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்றிரவு பெரிய தெர்மோஸைக் கழுவி, காய்வதற்காக மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை எழுந்து வந்து பார்த்தபோது அது அங்கே இல்லை.