கிணத்தடிப் படம்

போன கிழமை அச்சுவேலிச் சந்தையில மரக்கறி வாங்கிக்கொண்டு நிக்கேக்க ஒரு அன்ரி எங்களை மறிச்சா. "தம்பியவை, வளலாய்க்கு முதல்முதல் போன அண்டைக்கு எங்கட கிணத்தடியில படம் எடுத்தனியள் எல்லோ, அது இப்பவும் இருக்கோ?"

2015 மார்ச்சில் வளலாய்க் காணிகளில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. 1990இல் இடம்பெயர்ந்த சனம் திரும்பிப் போய்ப் பார்த்த நாள். நாங்கள் அப்போது பள்ளிக்கூடப் பெடியள். சனத்தோடு சனமாகப் போய், கையிலிருந்த போனால் கண்டதையெல்லாம் எடுத்தோம். அன்ரியின் வீடு இல்லை. பற்றைக்குள் கிணற்றுக்கட்டு மட்டும் தெரிந்தது. அதைப் பிடித்தபடி அவவும் அங்கிளும் நின்றார்கள். அங்கிள் இப்போது இல்லை.

தேடினோம். அந்தப் போன் எப்போதோ உடைந்துவிட்டது. மெமரி கார்ட் திறக்கவில்லை. கடைசியில், நண்பன் ஒருவனுக்கு மெசெஞ்சரில் அனுப்பிய சுருங்கிய பிரதி ஒன்று அகப்பட்டது. பெரிதாக்கினால் முகங்கள் சதுரம் சதுரமாக உடைகின்றன. ஆனால் தொண்டைமானாற்றுச் சூரிய அஸ்தமனம் மட்டும் எங்களிடம் நூற்றுக்கணக்கில், நல்ல தெளிவாகக் கிடக்கு.

வெட்கமாக இருந்தது. ஏனென்றால் இது அச்சடித்துப் பழகின ஊர். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரின் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' 1928இல் அச்சுவேலி ஞானப்பிரகாச யந்திரசாலையில்தான் அச்சானது. பல அலுமாரிகளில் பிரதிகள் இருந்தபடியால் அது தப்பியது. எங்கள் படத்துக்கு அலுமாரியே இல்லை.

சில நகரங்கள் இதை யோசித்திருக்கின்றன. 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பியனாலே, ரயில் நிலையம் போன்ற பொது இடங்களில் ஒளிப்படங்களை வைத்தது. வழிப்போக்கரும் பார்த்தார்கள். ஆனால் கண்காட்சி முடிந்தால் படம் இறங்கிவிடும். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1973இலேயே ஒரு சட்டம் போட்டது: நகரத்தின் கட்டுமானச் செலவில் 1% கலைக்கு. அந்தக் காசில் சிலைகளோடு ஒளிப்படங்களையும் வாங்கி, பதிவு வைத்து, நகர அலுவலகங்களில் மாட்டுகிறார்கள். அங்கே படம் ஊரின் சொத்து.

டிஜிட்டல் படத்துக்கு இது இன்னும் முக்கியம். எடுப்பதற்குக் காசில்லை, அதனால் ஆயிரம் எடுக்கிறோம். ஆயிரத்தில் எது நிற்க வேண்டும் என்று ஒருவரும் தெரிவு செய்யாவிட்டால் எல்லாமே ஒன்றாய்ப் போகும். தெரிந்தெடுத்ததை நல்ல தாளில் அச்சடிக்க வேண்டும். மூலக்கோப்பை இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். யார், எங்கே, எப்போது என்று எழுத வேண்டும். பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை.

நாங்களும் இருந்து பார்த்தோம். எங்களிடம் உள்ளதில் 12 படம் தெரிவு செய்வது என்று முடிவு. இரண்டு பின்னேரம் சண்டை. "கிணத்தடிப் படம் கலங்கலாக் கிடக்கு, போட்டிக்குக் குடுத்தா முதல் சுற்றிலயே கழிச்சுப்போடுவாங்கள்" என்றான் ஒருவன். உண்மைதான். ஆனால் அஸ்தமனத்தை நாளைக்கும் போய் எடுக்கலாம். அதனால்தான் தெரிவுக்குழுவில் கமரா தெரிந்தவரோடு, அந்த வளவு தெரிந்தவரும் இருக்கவேணும் என்கிறோம். வலிகாமம் கிழக்கு பிரதேச சபையிடம் நாங்கள் கேட்கப்போவதும் இதைத்தான்: நூலகத்தில் ஒரு சுவர், வருடத்துக்கு 12 படம், ஒரு பதிவுப் புத்தகம்.

இன்னொருவரின் துயரத்தைச் சுவரில் மாட்ட எங்களுக்கு என்ன உரிமை என்ற கேள்வியும் வந்தது. அன்ரியிடமே போய்க் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா.

"மாட்டுங்கோ. ஆனா அவற்ற பேரை எழுதிப்போடுங்கோ."

படம் கலங்காமல் வர, உள்ளங்கை அளவில்தான் அச்சடிக்க முடிந்தது. பின்பக்கத்தில் பெயர், வளலாய், 2015 மார்ச் என்று எழுதியிருக்கிறோம். முதல் பிரதி அன்ரியிட்ட இருக்கு.