கை படாத வெங்காயம்

பாலக்கோட்டில் நான் ஹோட்டல் நடத்திய காலத்தில், ஒருவர் தொடாமல் விட்டுப் போன வெங்காயத்தை இன்னொருவர் தட்டில் வைத்திருக்கிறேன். எலுமிச்சைத் துண்டையும்தான். வெள்ளரி வட்டம், பொரித்த கறிவேப்பிலை, சில்லி சிக்கனுக்கு மேலே வைக்கிற கொத்தமல்லிக் கொத்து எல்லாம் அதில் அடக்கம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தால், பாதி வழியில் நானே எனக்கு நல்லவனாகத் தெரிய ஆரம்பித்துவிடுவேன்.

கடை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. காலையில் தக்காளி மார்க்கெட் கூட்டம் வரும்: லோடு ஏற்றுகிறவர்கள், வெளியூர் லாரி டிரைவர்கள், மாரண்டஅள்ளி, பஞ்சப்பள்ளி பக்கத்திலிருந்து தக்காளி கொண்டு வந்து விலைக்காகக் காத்திருக்கும் விவசாயிகள். மதியம் சாப்பாடு. சாயங்காலம் புரோட்டா, ஆம்லெட், சில்லி சிக்கன். உழைத்துக் களைத்து வந்து உட்காருகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். ஏமாற்றினால் பரவாயில்லை என்று சொல்லும்படியான பெரிய மனிதர்கள் யாரும் இல்லை.

2019 கடைசியில் வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது பலருக்கு நினைவிருக்கும். எகிப்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் கப்பலில் வெங்காயம் வந்து இறங்கிய காலம் அது. கல்லாவில் உட்கார்ந்திருந்த எனக்கு, எச்சில் தட்டோடு உள்ளே போகிற வெங்காய வட்டங்கள் ரூபாய் நோட்டாகத் தெரிந்தன. தட்டு எடுக்கிற பையனிடம், "எண்ணெய் படாம இருக்கறத மட்டும் தனியா எடுத்து வைடா" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு எடுத்து வைத்தான். சம்பளம் நான்தானே கொடுக்கிறேன்.

அதற்கு ஒரு முறையும் இருந்தது. திரும்பி வந்ததைத் தண்ணீரில் அலசி, ஈரத்துணி போட்டு மூடி வைப்போம். வாடின எலுமிச்சையின் ஓரத்தை மெல்லிசாகச் சீவினால் புதுசு போல ஆகிவிடும். இதைவிடக் கெட்டிக்காரத்தனம் ஒன்று செய்தேன். அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வைத்தால் ஆட்கள் தின்றுவிடுவார்கள். அதனால் தடித்த வட்டமாக வெட்டச் சொன்னேன். கேரட்டைக் கடிக்க முடியாத கனத்தில் பூப்போல் செதுக்கச் சொன்னேன். எலுமிச்சையைப் பிழிய வராத மெல்லிய வில்லையாக்கினேன். சாப்பிடத் தோன்றாதபடி வெட்டினால்தானே திரும்பி வரும்! வாடிக்கையாளர்கள், "பரவாயில்லையே, ஸ்டார் ஹோட்டல் மாதிரி டெக்கரேஷன் பண்றீங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, பார்சல் மட்டும் என்று ஆனபோது இந்த வேலை தானாக நின்றது. பார்சலில் போனது திரும்பி வராது, அவ்வளவுதான். உட்கார்ந்து சாப்பிட அனுமதி கிடைத்ததும் மறுபடி தொடங்கினேன். கிருமிக்குப் பயந்து உலகமே சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, என் கடை வாசலிலும் சானிடைசர் பாட்டில் தொங்கியது. உள்ளே ஈரத்துணிக்கு அடியில் பழைய வெங்காயம் இருந்தது. இரண்டும் ஒரே கடையில் இருந்ததில் எனக்கு எந்த முரணும் அப்போது தெரியவில்லை.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாய்க்கு மேலே போய், அரசாங்கம் சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. தக்காளிக்குப் பேர் போன பாலக்கோட்டிலேயே நான் சாலட் தட்டில் தக்காளி வட்டத்தை எண்ணி வைத்தேன், எண்ணித் திரும்ப எடுத்தேன். அதே மார்க்கெட்டில் விலை விழுந்த நாட்களில் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போனதைப் பார்த்தவன் நான். விலை ஏறினதால் செய்தேன் என்றால், விலை இறங்கின நாளில் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மச்சான் மகன், ஓசூரில் வேலை பார்ப்பவன், பெங்களூருக்குக் கூட்டிப் போய் ஜப்பான் சாப்பாடு வாங்கிக் கொடுத்தான். சுஷி. காடி கலந்த சோற்றின் மேல் மீன் துண்டு வைத்தது. அதைவிட அதன் ஓரத்தில் இருந்தவைதான் என் கண்ணில் பட்டன. தாள் போல் சீவிய இஞ்சி ஊறுகாய், பச்சையாக ஓர் உருண்டை, நூல் நூலாகச் சீவிய வெள்ளை முள்ளங்கி, விளிம்பில் பல் வைத்த ஒரு பச்சை இலை, புல் மாதிரி கத்தரித்த பிளாஸ்டிக் துண்டு.

"இதெல்லாம் சாப்பிடறதா தம்பி, அழகுக்கு வச்சதா?" என்று கேட்டேன்.

"இஞ்சி, ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவுல வாய் சுத்தமாக, மாமா. முள்ளங்கி, இலை எல்லாம் சாப்பிடலாம். அந்தப் பிளாஸ்டிக்க மட்டும் விட்டுடுங்க."

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பச்சை உருண்டை வசாபி. கடுகு இனத்துச் செடி. கடுகை அரைத்தால் மூக்கில் ஏறுமே, அதே காரப் பொருள்தான் இதிலும். அதற்குக் கிருமி வளர்ச்சியைத் தடுக்கிற குணம் உண்டு. அசல் வசாபி விலை அதிகம் என்பதால், பெரும்பாலான கடைகளில் கிடைப்பது குதிரைமுள்ளங்கி என்கிற வேறொரு கிழங்கில் பச்சை நிறம் சேர்த்தது. இலையின் பெயர் ஷிசோ, நம் துளசிக்குத் தூரத்துச் சொந்தம். பிளாஸ்டிக் புல் இருக்கிற இடத்தில் முன்பு நிஜ இலையை வைத்தார்கள். ஒன்றின் வாசனை இன்னொன்றில் ஏறாமல் தடுக்க அது. ஆக, பச்சை மீன் சாப்பிடுகிறவர்கள் யோசித்து வைத்த ஓரத்துணைகள் இவை.

அன்றைக்கு என் மனம் இதிலெல்லாம் போகவில்லை. பக்கத்து மேசையில் சாப்பிட்டு எழுந்தவர்களின் தட்டு உள்ளே போயிற்று. அதில் இஞ்சியும் முள்ளங்கியும் வைத்தது வைத்தபடி இருந்தன. அவை எந்த வாளிக்குப் போகும் என்றுதான் என் கண் அதன் பின்னாலேயே போனது. அந்தக் கடைக்காரர் யோக்கியராகத்தான் இருப்பார். ஆனால் திருடன் கண்ணுக்கு எல்லா வீட்டிலும் பின்கதவுதான் தெரியும். இஞ்சியை வாயருகே கொண்டு போய்விட்டு, திரும்ப வைத்துவிட்டேன்.

என் சந்தேகம் அப்படியொன்றும் அபத்தமில்லை. ஜப்பானிலேயே இது நடந்திருக்கிறது. ஒசாகாவில் 'செம்பா கிச்சோ' என்று பெரும் பேர் பெற்ற, பணக்காரர்கள் சாப்பிடுகிற உணவகம் இருந்தது. 2007இல் காலாவதித் தேதியை மாற்றி விற்றது, மாட்டிறைச்சி எந்த ஊருடையது என்று பொய் சொன்னது என வரிசையாக அகப்பட்டது. அந்த டிசம்பரில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில், பதில் சொல்லத் திணறிய மகனுக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாயார் குனிந்து காதோரம் எடுத்துக் கொடுத்ததை மைக் அப்படியே பிடித்துவிட்டது. நாடே சிரித்தது. மன்னிப்புக் கேட்டு மறுபடி கடை திறந்தார்கள். 2008 மே மாதம் அடுத்த உண்மை வெளியே வந்தது: வாடிக்கையாளர்கள் மிச்சம் வைத்த பொரித்த மீன், வசாபி, மீன் துண்டுகளோடு வைக்கிற முள்ளங்கிச் சீவல் வரை அடுத்தவர் தட்டுக்குப் போயிருக்கிறது. அந்த மாதக் கடைசியிலேயே கடையை ஒரேயடியாக மூடிவிட்டார்கள்.

இந்தக் கதையில் என்னை அடித்துப் போட்டது ஒன்றுதான். அதை மிச்சம் என்று சொல்லாதீர்கள், கை படாத உணவு என்று சொல்லுங்கள் என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டாராம். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். "கை படாததுதானே?" பையனிடம் சொன்னேன், மாஸ்டரிடம் சொன்னேன், ராத்திரி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒசாகாவின் கோடீஸ்வரிக்கும் பாலக்கோட்டுப் புரோட்டாக் கடைக்காரனுக்கும் ஒரே சமாதானம்.

கை படவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? சாப்பிடுகிறவர் பேசுவார், தும்முவார், குழந்தை தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கும். நான் கல்லாவில் இருந்தேன். எங்கள் அம்மா பந்தி பரிமாறும்போது கரண்டி இலையில் பட்டுவிட்டால் அதைத் திரும்பக் குண்டானில் விடமாட்டார். இலையில் விழுந்தது விழுந்ததுதான், வாயில் போனாலும் போகாவிட்டாலும் அது எச்சில். அதற்கு அவர் கிருமி சாஸ்திரம் படிக்கவில்லை. வாழையிலைச் சாப்பாட்டில் என் மாதிரி ஆளுக்கு வழியும் இல்லை. மடித்த இலையைப் பிரித்து யாரும் வெங்காயம் பொறுக்க முடியாது. தனித் தட்டு, குட்டிக் கிண்ணம் எல்லாம் வந்த பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது.

பச்சையாகத் தின்கிற பொருளுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. குழம்பில் கிருமி இருந்தால் கொதியில் பெரும்பாலும் செத்துவிடும். வெங்காய வட்டம் அப்படியே வாய்க்குள் போகிறது. தண்ணீரில் அலசினால் வெட்டின பரப்பில் ஒட்டியது முழுசாகப் போகாது. 2024இல் அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் பர்கர் தின்றவர்களில் 104 பேருக்கு ஈகோலை என்கிற கிருமித் தொற்று வந்தது, ஒருவர் இறந்தார். உள்ளே வைத்த பச்சை வெங்காயச் சீவல்தான் பெரும்பாலும் காரணம் என்று அந்த நாட்டு அதிகாரிகள் சொன்னார்கள். அது யார் தட்டிலிருந்தும் திரும்பி வந்த வெங்காயம் அல்ல. புதிதாக வெட்டினதற்கே அந்தக் கதி என்றால், என்னுடையதைப் பற்றி நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. யாருக்காவது வயிற்றைக் கெடுத்திருப்பேனா? கெடுத்திருப்பேன் என்றுதான் வைத்துக்கொள்கிறேன். வயிற்றுப்போக்கு வந்தவர் வெங்காயத்தை எங்கே சந்தேகப்படப் போகிறார்!

எண்ணெய் விஷயத்தில் நான் ஒழுங்காக இருந்தேன். பொரித்த எண்ணெயில் கெட்டுப்போன பகுதி 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று 2018 முதல் விதி இருக்கிறது. அதை அளக்கக் கருவியும் உண்டு, அதிகாரி கொண்டு வருவார். வெங்காயத்துக்கு அப்படி ஒரு கருவி இல்லை. என் நேர்மை அந்தக் கருவி எட்டுகிற தூரம் வரைக்கும்தான் இருந்தது.

கருவி இல்லாவிட்டால் தானே தின்று காட்டலாம். 1996இல் ஜப்பானில் சகாய் என்ற நகரத்தில் பள்ளிக்கூடச் சாப்பாட்டால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஈகோலையில் விழுந்தபோது, சந்தேகம் முள்ளங்கி முளை மேல் போயிற்று. விற்பனை படுத்துவிட்டது. சுகாதார அமைச்சர் நவோட்டோ கான், பின்னாளில் பிரதமரானவர், கேமராக்களுக்கு முன்னால் உட்கார்ந்து அந்த முளைகளைத் தின்று காட்டினார். நாடகமோ என்னவோ, தின்றார். நான் என் கடை வெங்காய வட்டத்தை ஒரு நாளும் தின்றதில்லை. மாஸ்டரும் தின்றதில்லை. கடை ஆட்கள் சாப்பிட உட்காரும்போது தங்களுக்கென்று புதிதாக ஒரு வெங்காயம் உரித்துக்கொள்வார்கள். நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்துகொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெண் கடைக்கு வந்திருந்தாள். அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய தட்டிலிருந்து, பிள்ளைகள் செய்வது போல, ஒரு வெள்ளரி வட்டத்தை எடுத்து வாயருகே கொண்டு போனாள்.

"அதத் தின்னாத பாப்பா!" கல்லாவிலிருந்து கத்திவிட்டேன்.

"ஏம்ப்பா? சாப்பிடறதுதானே?"

கடையில் ஐந்தாறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோர் தட்டிலும் வெள்ளரி இருந்தது. "அது கஸ்டமருக்கு" என்றேன். அவள் வைத்துவிட்டாள். சப்ளையர் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தான். நான் தடுக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அன்றைக்கே நிறுத்தியிருந்தால் கதை நன்றாக இருந்திருக்கும். மறுநாள்தான் நிறுத்தினேன். அதுவும் பையனைக் கூப்பிட்டு, "இனிமே எடுத்து வைக்க வேணாம், வேலை ஜாஸ்தியாகுது" என்றேன். தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

கடை இப்போது என்னிடம் இல்லை. மனம் திருந்தி மூடினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வாடகை ஏறியது, கட்டுப்படியாகவில்லை, கைமாற்றிவிட்டேன். இப்போது தக்காளி மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பழைய வாடிக்கையாளர்கள் எதிரே வந்தால், "உங்க கடை சில்லி சிக்கன் மாதிரி வராதுங்க" என்கிறார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

எல்லா ஹோட்டலும் என் ஹோட்டல் அல்ல. பத்துக் கடையில் ஒன்பது கடை நல்லவர்களுடையதாக இருக்கலாம். ஆனாலும் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தட்டில் வைத்தது புதிதாகத் தெரிந்தால் சாப்பிடுங்கள், காசு கொடுத்திருக்கிறீர்கள். வேண்டாமென்றால் அப்படியே அழகாக விட்டுவிட்டு எழாதீர்கள். எலுமிச்சையைப் பிழிந்துவிடுங்கள், வெங்காயத்தைக் குழம்பில் புரட்டிவிடுங்கள், கறிவேப்பிலையை எலும்போடு சேர்த்துப் பிசைந்துவிட்டுக் கை கழுவப் போங்கள்.