நிறுத்தச் சொல்லும் உரிமை

பந்தயக் காரைப் பற்றி இங்கே என்ன பேச்சு என்று தோழர்கள் கேட்கக்கூடும். காசுள்ளவர் விளையாட்டு, நமக்கென்ன என்று கடந்தும் போகலாம். ஆனால் அந்த விளையாட்டில் ஸ்டியரிங் பிடிக்கிறவர் ஒருவர் என்றால், வண்டிக்குக் கீழே படுத்துக் கிடக்கிறவர்கள் மூன்று நான்கு பேர். படம் பிடிப்பவர்கள் முதலாமவரைப் பிடிக்கிறார்கள். இரண்டாமவர்களைப் பற்றி நாங்கள்தான் எழுத வேண்டும். ஏனென்றால் நாங்கள் அவர்கள்.

நாங்கள் பெரியபட்டினத்துக்காரர்கள். சீனப் பீங்கான் ஓடுகள் அகழாய்வில் கிடைத்த பழைய துறைமுக ஊர். இன்று எங்கள் தகரக் கொட்டகைக்கு வருவது மீன் ஏற்றும் வேன், ஷேர் ஆட்டோ, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களின் கார். மூன்று பேர் சேர்ந்து நடத்துகிறோம், ஒரு தம்பி வேலை கற்றுக்கொள்கிறான். அப்படி விடுமுறைக்கு வந்த ஒரு காக்கா, இரண்டு கதவு வைத்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து நிறுத்தினார். இருங்காட்டுக்கோட்டையில் டிராக் டே, பணம் கட்டியாகிவிட்டது, பிரேக் மட்டும் பார்த்துக் கொடுங்கள் என்றார்.

டிராக் டே என்பது பந்தயமல்ல. சொந்தக் காரைக் கொண்டுபோய், கட்டணம் செலுத்தி, பந்தயப் பாதையில் சில முறை ஓட்டிப் பார்க்கும் நாள். பொதுச் சாலையில் அடுத்தவன் உயிரோடு விளையாடாமல் வேகத்தின் ஆசையைத் தீர்த்துக்கொள்ள அதுதான் ஒழுங்கான வழி. தமிழ்நாட்டில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை அமைத்தது. 1990 முதல் அங்கே ஓடுகிறார்கள். முழுச் சுற்று 3.7 கிலோமீட்டர். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் சாலைப் பந்தயமே நடந்தது.

காக்கா சொன்னது இதுதான்: "கிழக்குக் கடற்கரைச் சாலையில நூத்தி இருபதுல வந்தேன் தம்பி, பிரேக் நச்சுன்னு பிடிச்சுச்சு. ஆயிலும் ஃபுல்லா இருக்கு. சும்மா ஒரு பார்வை பாத்தா போதும்."

சாலையில் பிடிக்கிற பிரேக் பந்தயப் பாதையில் ஏன் பிடிக்காது? கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டினோம். பிரேக்கின் வேலை வேகத்தைச் சூடாக மாற்றுவது. வண்டியின் எடை 1,300 கிலோ. மணிக்கு 180 கிலோமீட்டரில் வந்து வளைவுக்காக 90-க்குக் குறைக்கிறோம். அப்போது வெளியேறும் சக்தி சுமார் 12 லட்சம் ஜூல். நான்கு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு. காற்றின் தடை கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மீதி எல்லாம் நான்கு டிஸ்க்குகளுக்குள், அதிலும் பெரும்பங்கு முன்னிரண்டுக்குள், சில விநாடிகளில் இறங்குகிறது. ஊருக்குள் 60-இல் வந்து நிறுத்தினால் வருவது இதில் ஏழில் ஒரு பங்குதான். அதுவும் அடுத்த பிரேக்குக்கு முன் ஆறிவிடும். பந்தயப் பாதையில் ஆற நேரமில்லை. அரை நிமிடத்தில் அடுத்த வளைவு வந்துவிடும்.

அந்தச் சூடு இரண்டு இடத்தில் ஆளைக் கவிழ்க்கும். ஒன்று பேட். சாதாரண பேட்டில் துகள்களை ஒட்டவைத்திருக்கும் பிசின் அளவு மீறிச் சூடானால் ஆவியாகி, பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே புகுந்துகொள்ளும். பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. இன்னொன்று பிரேக் ஆயில். நாம் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் அல்ல, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதே திரவத்தில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் விதி கேட்பது 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ். திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆவி சுருங்கும். பெடல் பஞ்சு மூட்டை மாதிரி அடிவரை போகும். முதல் வகைக் கோளாறில் கொஞ்சம் முன்னறிவிப்பு உண்டு, வாடையும் வரும். இரண்டாவதில் ஒரு வளைவில் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது.

எங்கள் ஊரோ கடலோரம். வருஷம் முழுக்க உப்புக் காற்று. மூன்று நான்கு வருஷம் ஓடாமல் நின்ற கார் எவ்வளவு ஈரம் குடித்திருக்கும்? ஈரம் பார்க்கும் பேனாவை டப்பிக்குள் விட்டோம், சிவப்பு விளக்கு எரிந்தது. அளவு ஃபுல்லாக இருந்தது உண்மை, உள்ளே இருந்தது நீர் கலந்த கஷாயம். காக்கா அதன் பிறகு பேசவில்லை. "செய்ய வேண்டியதைச் செய்யுங்க" என்றார்.

செய்ததை வரிசையாகச் சொல்கிறோம். யாருக்காவது உதவும்.

சக்கரங்களைக் கழற்றி, ஒவ்வொரு டிஸ்க்கையும் மைக்ரோமீட்டரால் அளந்தோம். இதற்குக் கீழே தேயக் கூடாது என்ற அளவு டிஸ்க்கிலேயே அச்சடித்திருக்கும். நான்கும் அளவுக்கு மேல்தான் இருந்தன. பின் இடது கேலிப்பரில் வழுக்கு ஊசி துருப்பிடித்து இறுகியிருந்தது. ஒரு பக்க பேட் மட்டும் தேய்ந்திருந்ததற்குக் காரணம் அதுதான். ஊசியை மாற்றி, அதற்கென்று உள்ள கிரீஸ் வைத்தோம். ரப்பர் ஹோஸ் வெடிப்பு விட்டிருந்தது, எஃகுக் கம்பி பின்னிய ஹோஸ் போட்டோம். அதிகச் சூடு தாங்கும் பேட் மாட்டினோம். ஆயில் முழுவதையும் வெளியேற்றி, புதிதாகச் சீல் உடைத்த, 300 டிகிரிக்கு மேல் தாங்கும் வகையை ஊற்றினோம். திறந்து வைத்த பாட்டிலில் மிச்சம் இருந்தது என்று எடுத்து ஊற்றுவது வீண் வேலை, அதுவும் அதற்குள் ஈரம் குடித்திருக்கும். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இதோடு கலக்கவே கூடாது. ஊற்றும்போது பெயின்டில் ஒரு சொட்டு பட்டாலும் பெயின்ட் உரியும், பக்கத்திலேயே தண்ணீர் வாளி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே, ஒருவர் கீழே. "மிதி", "பிடி", "விடு" என்ற மூன்றே சொற்கள். கீழே இருப்பவர் நிப்பிளை மூடாமல் மேலே இருப்பவர் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். பல வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவார்கள். எந்த வரிசை என்பதை அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்த்தே செய்தோம். கடைசியில் சக்கர போல்ட்டுகள், டார்க் ரெஞ்ச் வைத்து.

இதற்கிடையில் எங்கள் தம்பி கம்பிரஸர் ஹோஸை எடுத்து கேலிப்பரில் படிந்த தூசியை ஊதப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினோம். பிரேக் தூசியை ஊதக் கூடாது, ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். காரணம் இருக்கிறது.

பிரேக் லைனிங் பிறந்த கதையைக் கேளுங்கள். 1897 வாக்கில் இங்கிலாந்தின் டெர்பிஷயரில், மலைச்சரிவில் குதிரைவண்டி ஓட்டியவர்கள் பழைய பூட்ஸ் தோலைப் பிரேக் கட்டையில் வைத்து ஆணியடித்திருந்ததை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கவனித்தார் என்பார்கள். அதிலிருந்து அவர் தொடங்கியதுதான் ஃபெரோடோ. கூலிக்கு வண்டியோட்டியவர்கள் செத்த தோலில் கண்ட உபாயம் அங்கே ஒரு தொழிலாக வளர்ந்தது. இங்கே தோலைத் தொட்டவனின் கைக்கே தீட்டு என்று பெயர் வைத்தார்கள், அந்தக் கைக்குள் இருந்த அறிவை ஒருவரும் கேட்கவில்லை. பிறகு தோலும் பருத்தியும் போய் ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. சூடு தாங்கும், மலிவு, நுரையீரலைத் தின்னும். உலகில் பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. இந்தியாவில் முழுத் தடை இன்றும் இல்லை. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 ஆண்டு வைத்திருக்கவும் ஆணையிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் நான்கு பேர் வேலை பார்க்கும் தகரக் கொட்டகையில் எந்தப் பதிவேடும் கிடையாது. எந்த ஆய்வாளரும் எட்டிப் பார்த்ததும் கிடையாது. பழைய வேன்களில் வரும் மலிவு லைனிங்கில் என்ன கலந்திருக்கிறது என்று பாக்கெட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் எங்கள் பட்டறையில் நாங்களே போட்ட சட்டம்: ஊதாதே, துடை. முகத்தில் துணி இல்லாமல் டிரம்மைத் திறக்காதே.

காரை லாரியில் ஏற்றி, ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணித்து, விடியலில் இருங்காட்டுக்கோட்டை போய்ச் சேர்ந்தோம். முதல் முறை பேட்டைப் பதப்படுத்துவதற்கு மட்டும் என்று காக்காவிடம் கறாராகச் சொல்லியிருந்தோம். மிதமான வேகத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்டி, பேட்டின் பொருள் டிஸ்க்கில் சீராகப் படியும்படி ஓட்ட வேண்டும். எங்கும் முழுதாக நின்று பெடலை மிதித்துக்கொண்டிருக்கக் கூடாது, சூட்டில் பேட் டிஸ்க்கில் ஒட்டித் தடம் விழும். கடைசிச் சுற்று பிரேக்கையே தொடாத ஆறும் சுற்று. நிறுத்திய பிறகு கை பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். காக்கா சொன்னபடி செய்தார். இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் முகமெல்லாம் சிரிப்பாக இறங்கினார்.

மூன்றாவது முறைக்குப் பின் முன் வலது டிஸ்க்கில் டார்ச் அடித்துப் பார்த்தோம். மயிரிழைக் கோடுகள் விழுவது வழக்கம், அவற்றோடு ஓட்டலாம். ஆனால் ஒரு கோடு ஓரம் வரை ஓடியிருந்தது. ஓரத்தைத் தொட்ட விரிசல் அடுத்த சூட்டில் டிஸ்க்கைப் பிளக்கலாம். மாற்று டிஸ்க் எங்களிடம் இல்லை. வண்டி போகாது என்றோம்.

"ஒரே ஒரு தடவை தம்பி. மெதுவா ஓட்டுறேன்."

"இல்ல காக்கா. மெதுவா ஓட்டுறதுக்கு யாரும் இங்க வர்றதில்ல."

பக்கத்துக் கொட்டகையில் நின்ற ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "என்ன சார், மெக்கானிக் பசங்க சொன்னா கேட்டுக்கிட்டு நிப்பீங்களா?" அந்தப் "பசங்க" என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல. எங்களில் மூத்தவருக்கு வயது நாற்பத்தெட்டு. காக்கா கொஞ்ச நேரம் டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி, "பிரேக் அவங்க போட்டது, அவங்கதான் சொல்லணும்" என்று மட்டும் சொன்னார்.

விபத்து நடக்கவில்லை. ஓட்டியிருந்தால் நடந்திருக்கும் என்று சத்தியம் செய்யவும் முடியாது. பிரேக் வேலையின் சங்கடம் அது. ஒழுங்காகச் செய்தால் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. இன்ஜினில் ஐந்து குதிரைசக்தி கூட்டியவனுக்குக் கைதட்டல் உண்டு. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டவனுக்குக் கூலி உண்டு, அதுவும் பேரம் பேசிய பிறகு. ஆனாலும் 1953-இல் லே மான் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் வென்றதற்கு அதன் புதிய டிஸ்க் பிரேக் ஒரு முக்கியக் காரணம். மற்றவர்களுடைய டிரம் பிரேக் சூட்டில் தளர, இவர்களால் வளைவுக்கு நெருங்கி வந்து மிதிக்க முடிந்தது. நிற்க முடியும் என்ற உறுதி இருந்தவன்தான் வேகமாகவும் போனான்.

கையால் வேலை செய்கிறவன் சொல்லும் "வேண்டாம்" என்ற சொல்லுக்கு நம் நாட்டில் மதிப்புக் குறைவு. கூலி கொடுத்தவன் சொன்னால் செய்ய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. வேலை தெரிந்தவனுக்கு அதை நிறுத்தும் அதிகாரம் இல்லாத இடத்தில் விபத்து என்றைக்கோ ஒருநாள் நடந்தே தீரும், அது பந்தயப் பாதையானாலும் பட்டாசு ஆலையானாலும். அன்றைக்கு எங்களுக்கு அந்த அதிகாரம் கிடைத்தது ஒரு மனிதரின் நல்ல குணத்தால். நல்ல குணத்தை நம்பித் தொழில் நடத்த முடியாது. ஆகவே இப்போது வேலைக்கு முன்பே ஒரு தாளில் எழுதி, வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்குகிறோம்: டிராக்கில் எங்களில் ஒருவர் போதும் என்றால் வண்டி நிற்கும், சம்மதமென்றால் மட்டும் சாவியைக் கொடுங்கள்.

இதுவரை இரண்டு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஒருவர் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.