பாணும் நெல்லும் ஒரு பழைய படமும்

ஜனவரி 24

இரவு பிளெமிஷ் ஓவியர் புறூகலின் 'அறுவடைக்காரர்' படத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். 1565இல் மரப்பலகையில் எண்ணெய் வர்ணத்தால் தீட்டியது. அசல் நியூயோர்க்கில், மெற்றொபொலிற்றன் அருங்காட்சியகத்தில். என்னிடம் உள்ளது புத்தகத்தில் அச்சான பிரதி. கோதுமை பாதி வெட்டியாகிவிட்டது. பேரி மரத்தின் கீழ் வேலையாட்கள் கூடியிருந்து பாண் தின்கிறார்கள். ஒருவன் மட்டும் காலை அகட்டிப் போட்டுக்கொண்டு மல்லாந்து கிடக்கிறான்.

"மாமா, உவன் ஏன் வேலை நேரத்திலை நித்திரை கொள்ளுறான்?" என்றாள் மருமகள்.

"விடிய வெள்ளன வந்திருப்பான், பிள்ளை."

"பாண் தின்னாமலோ?"

அது நல்ல கேள்வி. அந்தப் படத்தில் வயலும் பாணும் ஒரே மரத்தடியில் இருக்கின்றன. தூரத்தில் ஒரு கடல், அதில் கப்பல்கள். அந்தச் சாப்பாட்டுக்கும் அவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஜனவரி 27

யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு படம் கீறுவதென்றால் அந்தக் கப்பலை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த மண்ணில் கோதுமை விளையாது. மாரி மழையை நம்பி விதைத்த காலபோக நெல்தான் இப்போது வெட்டுப்படுகிறது. மொட்டைக்கறுப்பன் விதைத்தவர்கள் சிலர் இன்னும் கையால் வெட்டுகிறார்கள். மற்ற வயல்களில் மெசின் இறங்கிவிட்டது. அருவி வெட்டு, சூடடிப்பு என்று நாட்கணக்கில் நடந்த வேலை ஒரு பின்னேரத்தில் முடிகிறது. வேலைக்கு நல்லதுதான், படத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

பாணின் கதை வேறு. திருகோணமலையில் பிறிமா மா ஆலை 1980இல் இயங்கத் தொடங்கியது. பத்து வருடத்தில் யுத்தம் பாதையை மூடியது, பொருளாதாரத் தடை வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்போடு பருத்தித்துறைக்கு உணவுக் கப்பல் வந்தால்தான் மா. கப்பல் பிந்தினால் பேக்கரிக்காரர் போறணையை மூட்டமாட்டார். மூட்டிய நாளில் நாங்கள் இருட்டோடே போய் வரிசையில் நிற்போம். நீளப் பிடிபோட்ட பலகையால் பாணை வெளியே இழுக்கும்போது முகத்தில் வந்து அடிக்கும் சூடு இன்னும் நினைவிருக்கிறது. ஆளுக்கு ஒரு றாத்தல், பழைய பேப்பரில் சுற்றி. வீட்டுக்கு வந்து சேரும்போது ஒரு பக்கக் கரை இருக்காது. அம்மா கேட்கவும் மாட்டா.

ஜனவரி 29

பள்ளிக்கூடத்தில் 'அறுவடை' கீறச் சொன்னார்களாம். மருமகள் வழமைபோல் இரண்டு மலை கீறி நடுவில் சூரியனை வைத்தாள். குடாநாட்டில் மலை எங்கே? எங்கள் பிள்ளைகள் எல்லோரும் மலையைத்தான் கீறுகிறார்கள், யார் பழக்கினார்களோ! ஆனால் வயல் வரம்போடு சூன் பாண் விற்கிற ஓர் ஓட்டோவையும் நிறுத்தியிருந்தாள், அதன் கூரையில் ஒலிபெருக்கியோடு. அந்த ஓட்டோவுக்காகவே மலையை மன்னிக்கலாம். கண்ணால் கண்டதை வைத்திருக்கிறாள்.

தைப்பூசம்

புதிர் எடுக்கிற நாள். அச்சுவேலிப் பக்கம் உறவினர் வீட்டில் புதுக்கதிரைச் சுவாமி அறையில் வைத்துக் கும்பிட்டு, புது நெல்லுச் சோறு தந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால், குசினி வாசலுக்கு மேலே ஓர் எண்ணெய் வர்ணப் படம். புகை படிந்து கையெழுத்து மறைந்துவிட்டது. கீழ் மூலையில் சட்டத்தோடு கறையான் புற்று ஏறியிருந்தது. கேட்டேன். "அப்பா வாங்கினவர், ஆர் கீறினதெண்டு தெரியாது" என்றார் அண்ணர்.

எண்ணெய் வர்ணத்தில் பெயர் எடுத்த ஆசை இராசையா 1946இல் பிறந்தது இதே அச்சுவேலியில்தான், 2020இல் காலமானார். குருநகர் மாற்கு ஒரு தலைமுறையையே கீறப் பழக்கியவர். 1995 யுத்த இடப்பெயர்வோடு அவருடைய படங்களில் பெரும்பகுதி போய்விட்டது. இன்று அவரைத் தேடுகிறவர் 1987இல் வந்த 'தேடலும் படைப்புலகமும்' மலரைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. நானூற்றைம்பது வருடத்துக்கு முந்திய பிளெமிஷ் பாணை நான் படுத்திருந்தபடி பார்க்கிறேன், பக்கத்து ஊரில் கீறிய படத்தைப் பார்க்க வழியில்லை. இது வெட்கக்கேடு.

உங்கள் வீட்டில் அப்படி ஏதும் பழைய படம் தொங்கினால் அடுப்புப் புகையிலிருந்தும் ஈரச்சுவரிலிருந்தும் இறக்கிவையுங்கள். ஈரத்துணியாலோ மண்ணெண்ணெயாலோ துடைக்கவேண்டாம். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்து, யாரிடம் எப்போது வாங்கியது என்று தெரிந்ததை எழுதி, ஆவணங்களைப் பாதுகாக்கும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.